தேடலில் அகப்படாத இடியாப்பக் கடை

எங்கள் இடியாப்பக் கடைக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். உட்கார்ந்து அதை உருவாக்கியவளும் நான்தான். ஆகவே, அந்தத் தளத்தை ஊரில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தெரிந்தபோது பதில் சொல்ல வேண்டியவளும் நானாகவே இருந்தேன்.

கடையை நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து நடத்துகிறோம். அவர் என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாலர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவள். கிறிஸ்துமஸ் காலையில் குடும்பத்துக்காக அவித்த இடியாப்பத்தைத் தேவாலயத்து நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுடைய நண்பர்கள் கேட்டார்கள். வீட்டு அடுப்பு போதாமல் போன பிறகுதான் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சின்னத் தெரு ஒன்றில் இடம் பிடித்தோம். மாவு, அச்சு, அடுப்பு, வாடிக்கையாளர் எல்லாம் அக்கா பொறுப்பு. கணினி, தொலைபேசி, விநியோகம் எல்லாம் என் பொறுப்பு.

தளம் உருவாகிச் சில வாரம் கழித்து என் கைப்பேசியில் இடியாப்பம், லிட்டில் இந்தியா என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடினேன். எங்கள் கடை முதலாவதாக வந்து நின்றது. செங்காங்கில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து சமையலறை வரை நடந்துபோய் என் கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தோழி ஒருத்தியிடம் பெருமையாக, "நீயே தேடிப் பாரு" என்றேன். அவள் தன் கைப்பேசியில் அதே சொற்களைத் தட்டினாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சமையல் குறிப்புகள் வந்தன. பெரிய உணவகங்கள் வந்தன. எங்கேயோ திருநெல்வேலியில் இருக்கும் ஒரு கடைகூட வந்தது. நாங்கள் வரவில்லை.

"எங்கப்பா இருக்கு, காணோமே?"

"என் ஃபோன்ல வருது பாரு."

"உன் ஃபோன்ல வந்தா நீதான் வாங்கிச் சாப்பிடணும்லா" என்றாள் அவள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அதே யோசனைதான்.

தேடப்படும் சொல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அப்படியானால் நிறைய இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து முகப்புப் பக்கம் முழுவதையும் திருத்தி எழுதினேன். ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: சிறந்த இடியாப்பம் வேண்டுமா, இடியாப்பப் பிரியர்கள் விரும்பும் இடியாப்பம் எங்கள் இடியாப்பக் கடையில் கிடைக்கும்.

அக்கா கைப்பேசியை வாங்கி, பாலர் பள்ளியில் கதை வாசிக்கும் குரலில் அதைச் சத்தமாக வாசித்தார். பாதியிலேயே தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"நல்லா இருக்கும்மா. பிள்ளைங்கள வட்டமா உக்கார வச்சி கைதட்டிப் பாடலாம்."

"தேடும்போது வரணும்ல அக்கா."

"வந்து இதப் படிச்சா ஓடிருவாங்கம்மா."

அன்றே அதை எடுத்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அக்காவின் இரண்டு கைகளும் மாவில் இருந்ததால் நான் ஒலிபெருக்கியில் போட்டேன். மிகவும் மரியாதையான ஒரு ஆண் குரல்.

"மேடம், உங்க வெப்சைட்டோட எஸ்இஓ சரியில்லைங்க."

தளத்தைத் தேடுபொறியின் கண்ணில் படும்படி செய்கிற வேலைக்குத்தான் எஸ்இஓ என்று பெயர். அக்காவுக்கு அது சிஇஓ என்று கேட்டிருக்கிறது. நிமிர்ந்து தொலைபேசியை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரு சொன்னா? நாந்தான் இங்க சிஇஓ. நல்லாத்தான் இருக்கேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த மனிதர் அசரவில்லை. தங்களிடம் ஒப்படைத்தால் முதல் பக்கத்தில் முதல் இடம் உறுதி என்றார்.

"அடுத்த தெருவுலயும் ஒரு இடியாப்பக் கடை இருக்கே. அவங்களுக்கும் ஃபோன் பண்ணுவீங்களா?" அக்கா கேட்டார்.

"கண்டிப்பா பண்ணுவோம் மேடம்."

"அவங்களுக்கும் முதல் இடமா?"

மறுமுனையில் அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். மறுபடி அழைக்கவில்லை.

சிறு கடைக்காரர்களுக்குச் சமூக மன்றத்தில் இணையத்தள வகுப்பு நடக்கிறது என்று என் கணவர் எங்கோ அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் போய் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் என் வயதை ஒத்த ஒரு சீனப் பெண்மணி. அவர் பாடத்தைத் தொடங்கும் முன்பே கேள்விகள் தொடங்கிவிட்டன. குளிர்சாதனம் பழுதுபார்க்கும் ஒருவர், ஒரே பக்கத்தை எழுதி செங்காங், சிராங்கூன், காத்தோங் என்று வட்டாரப் பெயரை மட்டும் மாற்றிப் பல பக்கங்களாகப் போட்டால் நல்லதா என்று கேட்டார். "செங்காங்கில் இருப்பவருக்குச் சொல்ல உங்களிடம் வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். இல்லை என்றார் அவர். "அப்படியானால் ஒரு பக்கமே போதும்."

எனக்குப் பக்கத்தில் அத்தர் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் வியாபாரமாம். அவருடைய தளம் பார்க்க அரண்மனை மாதிரி இருந்தது. கடைப்பெயர், முகவரி, அத்தர் வகைகள் எல்லாவற்றையும் அழகான ஒரே படமாக வரைந்து போட்டிருந்தார். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்மைப் போலச் சுலபமாகப் படிக்காது, எழுத்தாகவே எழுதுங்கள் என்றார் ஆசிரியர். பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "பாத்தீங்களா தங்கச்சி, இத்தனை நாளா ஷட்டரை இறக்கிட்டு உள்ள உக்காந்திருக்கேன்" என்றார்.

நான் என் கைப்பேசி மர்மத்தைக் கேட்டேன். நீங்கள் உங்கள் தளத்துக்கு அடிக்கடி போகிறீர்கள், உங்கள் கைப்பேசி அதை நினைவில் வைத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் காட்டுகிறது, அவ்வளவுதான் என்று ஆசிரியர் விளக்கினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

பிறகு அவர், "நீங்கள் என்ன விற்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"இடியாப்பம்."

அவருக்குப் புரியவில்லை. அரிசி மாவை நூல் நூலாகப் பிழிந்து, ஆவியில் அவித்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் வைத்துத் தருவோம் என்று கையால் பிழிந்து காட்டினேன்.

"ஓ, புட்டு மாயம்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இன்றைக்குக் காலையில்கூட சாப்பிட்டேன். உங்கள் தளத்தில் புட்டு மாயம் என்ற பெயர் இருக்கிறதா?"

ஒரு இடத்தில்கூட இல்லை. மலாய்க்காரர்களும் சீனர்களும் அதை அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தளத்தை எழுதும்போது மட்டும் அது என் நினைவுக்கு வரவே இல்லை.

"நான் பசியோடு தேடினால் உங்கள் கடை எப்படி என் கண்ணில் படும்?" என்றார் அவர்.

செங்காங்குக்குத் திரும்பும் ரயிலில் புட்டு மாயம் என்று தேடிப் பார்த்தேன். எங்கள் கடைக்கு அருகிலுள்ள தேக்கா சந்தைப் பக்கம் நல்ல புட்டு மாயம் எங்கே கிடைக்கும் என்று யார் யாரோ கேட்டிருந்தார்கள். யார் யாரோ பதில் சொல்லியிருந்தார்கள். ரயிலுக்குள்ளேயே கையைத் தூக்கி, நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

மறுநாள் கடைக்குப் போனதும் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நம்ம சாப்பாட்டுக்கு நாமளே பேர மாத்தணுமா?"

"மாத்த வேணாம்க்கா. சேத்துக்கலாம்."

"இன்னிக்கு சேத்துக்குவ. நாளைக்கு அதுதான் பெருசா நிக்கும். நம்ம பேரு மூலைக்குப் போயிரும்."

"அவங்க அப்படித்தானே தேடுறாங்க."

"தெரியலன்னா கத்துக்கட்டும்லா. எத்தனை பிள்ளைங்களுக்கு நான் வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கேன்."

அச்சை எடுத்து அழுத்தத் தொடங்கினார். அன்று முழுவதும் மாவு, தண்ணீர், தட்டு என்று தேவைக்கு மட்டும் பேச்சு. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்தேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அவராகவே சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் பெயர் வாயில் நுழையவில்லை என்று பள்ளியில் யாரோ சுருக்கி ஒரு பெயர் வைத்தார்களாம். இரண்டு எழுத்து. சுலபமாக இருந்தது. எல்லாரும் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். பிரிவு விருந்தில் வெட்டிய கேக்கிலும் அந்த இரண்டு எழுத்துதான் இருந்தது.

"கோவமெல்லாம் இல்லம்மா. ஆனா கேக்க வெட்டும்போது, இது யாருக்குன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு."

இத்தனை வருடம் ஒரே குடும்பத்தில் இருந்தும் அந்தக் கதை எனக்குத் தெரியாது. அதன் பிறகு தளத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

பேச்சை எடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள். எங்களிடம் வழக்கமாக வாங்கும் மலாய்ப் பாட்டி ஒருவர் வந்தார். "புட்டு மாயம், எப்போதும் போல" என்றார் மலாயில். அக்கா சிரித்தபடி கட்டிக் கொடுத்தார். காத்தோங்கிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்க் குடும்பம் தேங்காய்ப் பால் சொதியோடு ஸ்ட்ரிங் ஹாப்பர்ஸ் வேண்டும் என்று கேட்டது. அதற்கும் கொடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு பொறியாளர், "சந்தகை சூடா இருக்குங்களா?" என்றார். மலையாளச் செவிலியர் ஒருவர் நூல்புட்டு என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா."

"நீதான் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பினியா?"

"சத்தியமா இல்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். "எல்லாப் பேருக்கும் எடுத்துக் குடுத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார் மெதுவாக. "யாரும் வந்து என் இடியாப்பத்த மாத்திட்டுப் போகல." கொஞ்சம் கழித்து நிபந்தனைகளைச் சொன்னார். தலைப்பில் இடியாப்பம்தான் இருக்க வேண்டும். மற்ற பெயர்கள் அதற்குக் கீழே, யார் அப்படிச் சொல்வார்கள் என்ற விளக்கத்தோடு வர வேண்டும். இடியாப்பம் என்பதை எப்படி உச்சரிப்பது என்றும் எழுத வேண்டும். "அவங்களுக்குத் தெரிஞ்ச பேர்ல வரட்டும். வந்து நம்ம பேரத் தெரிஞ்சிக்கிட்டுப் போகட்டும்."

அப்படியே எழுதினேன். அக்கா வாசித்துப் பார்த்து, இந்த முறை பாடிக்காட்டவில்லை.

எழுதியதும் கூட்டம் வந்துவிடவில்லை. தினமும் காலையில் என் கணவரின் கைப்பேசியை வாங்கித் தேடிப் பார்ப்பேன். வகுப்பில் சேர்ந்து படித்தவர்கள் ஆரம்பித்த கைப்பேசிக் குழுவிலும் அதே கேள்விதான். எத்தனை நாள் ஆகும், எத்தனை நாள் ஆகும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், அதுவரை கடையைப் பாருங்கள் என்று ஆசிரியர் பொறுமையாகப் பதில் எழுதுவார். அத்தர் கடைக்காரர் மட்டும் தினமும் ஒரு ரோஜாப் படம் அனுப்புவார்.

பிறகு ஒரு நாள், எங்களுக்கு நாலு கடை தள்ளி முடி திருத்தும் கடை வைத்திருக்கும் தஞ்சாவூர்க்காரர் வந்து வாசலில் நின்றார். சட்டைப் பையில் சீப்பு செருகியிருந்தது.

"அக்கா, ஒரு விஷயம். ரெண்டு மூணு நாளா என் கடைக்கு ஆளுங்க வந்து புட்டு மாயம் கேக்குறாங்க."

"உங்க கடைக்கா?"

"ஆமா. உள்ள வந்து நாற்காலில உக்காந்துட்டு மெனு கேக்குறாங்க. காலைல இருந்து முடி வெட்டினதவிட வழி சொன்னதுதான் அதிகம்."

நான் கைப்பேசியை எடுத்து வரைபடத்தில் எங்கள் கடையைத் தேடினேன். எங்கள் அடையாளப் புள்ளி அவருடைய கடைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இணையத்தளத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய நான், வரைபடத்தில் புள்ளி எங்கே விழுந்தது என்று பார்க்கவே இல்லை. எனக்கு ஒரே சமயத்தில் பதற்றமும் சந்தோஷமும். தப்பான கடைக்குப் போனாலும், ஆட்கள் எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிக்குங்க, இப்பவே மாத்திடுறேன்" என்றேன்.

"மெதுவா மாத்துங்க. அதுல ஒருத்தர் வந்ததுதான் வந்தோம்னு முடி வெட்டிக்கிட்டுப் போனாரு."

அக்கா அவருக்குத் தேங்காயும் சர்க்கரையும் நிறைய வைத்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். புள்ளி சரியான இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அவர் வாசலில் நின்று, தயங்கி நிற்பவர்களைப் பார்த்தால் எங்கள் பக்கம் கை காட்டிவிடுவார்.

புதிதாக வந்தவர்கள் நிறையக் கேள்வி கேட்டார்கள். அக்காவுக்கு அதைவிட வேறு சந்தோஷம் இல்லை. தட்டு ஒரு பக்கம் வெந்துகொண்டிருக்க, அவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நான் கைப்பேசியில் தட்டத் தொடங்கினேன். வாடிக்கையாளர் எங்களிடம் கேட்பதைத்தான் தேடலிலும் கேட்பார்கள் என்று ஆசிரியர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா சொன்னதை மெருகு போடாமல் அப்படியே ஒரு கேள்வி பதில் பக்கமாகப் போட்டேன். மிச்சத்தை மறுநாள் எப்படிச் சூடாக்குவது? "தண்ணி லேசாத் தெளிச்சு ஆவியில காட்டுங்க. மைக்ரோவேவ்ல வச்சா ஈரத்துணி போடுங்க, இல்லாட்டி கயிறாயிரும்." சர்க்கரை நோய் இருந்தால் சாப்பிடலாமா? "அது உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, நான் பாலர் பள்ளி டீச்சர்." பல் இல்லாதவர்கள் சாப்பிடலாமா? "கவலையே படாதீங்க. தேங்காய்ப் பால்ல ஊற வச்சா நாக்கே போதும்."

நான் அழகாக வடிவமைத்த முகப்பைவிட அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பேர் படித்தார்கள். ஒருநாள் சிராங்கூன் குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு சீனர் வந்தார். அவருடைய தாயாருக்குப் பல் எடுத்திருக்கிறார்களாம். மெல்லாமல் சாப்பிட என்ன இருக்கிறது என்று தேடியபோது எங்கள் பக்கம் வந்திருக்கிறது. தாயார் சிறுவயதில் சாப்பிட்ட பண்டம் என்பதால் உடனே கிளம்பி வந்துவிட்டார். அக்காவைப் பார்த்து, "நாக்கே போதும் என்று எழுதியது நீங்கள்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எழுதினது அவங்க, சொன்னது நான்" என்றார் அக்கா, அதே ஆங்கிலத்தில். பிறகு அவரை நிற்கவைத்து இடியாப்பம் என்று சொல்லச் சொன்னார். முதல் தடவை இடியப்பாம் என்றார். மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. அக்கா பாலர் பள்ளியில் செய்வதுபோலத் தலையசைத்துவிட்டுத்தான் பொட்டலத்தைக் கொடுத்தார். அடுத்த வாரமும் அவர் வந்தார், தாயாரோடு. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, தேங்காய்ப் பாலை மட்டும் முதலில் குடித்துப் பார்த்துவிட்டு, கட்டை விரலை உயர்த்தினார்.

தேடலில் இப்போது நாங்கள் முதல் இடத்தில் இல்லை. சில நாள் மூன்றாவது, சில நாள் ஏழாவது, யார் எங்கே நின்று தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தினமும் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் கணவருக்கும் கைப்பேசி திரும்பக் கிடைத்தது. அத்தர் கடைக்காரர் தன் படத்தை எடுத்துவிட்டு எழுத்துகளால் எழுதிவிட்டார். ஒவ்வொரு அத்தருக்கும் ஒரு பத்தி. மல்லிகைக்கு மட்டும் மூன்று பத்தி எழுதியிருக்கிறார், குறைக்க மனமில்லையாம்.

நேற்று ஒரு பெண் கடைக்கு வந்து, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்கு விமானத்தில் இடியாப்பம் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். அக்கா அடுப்பைச் சின்னதாக்கி வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்கினார். நான் கைப்பேசியை எடுத்துக் கேள்வியை மட்டும் முதலில் தட்டி வைத்துக்கொண்டேன்.